அவுட்லுக்: கண்ணோட்டமா, எதிர்நோக்கா?

‘குளிர்காலக் காலநிலைக் கண்ணோட்டம்’ என்ற தலைப்போடு ஒரு கட்டுரை இந்த வாரம் முழுக்க வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. வட இந்தியாவின் மலைகளிலும் சமவெளியிலும் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை குளிர் எப்படி இருக்கும் என்பது விசயம். விசயம் நல்லது, எழுதியவரும் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தலைப்பின் மூன்று சொற்களில் இரண்டு பிழை, அதிலும் கடைசிச் சொல் பெரும் பிழை. ஆங்கிலத்தில் ‘அவுட்லுக்’ என்பதற்குப் போட்ட அந்தக் ‘கண்ணோட்டம்’ இப்போது கிழக்கிலங்கையில் எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மழை அறிக்கைகளுக்குள்ளும் வந்து குந்திவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவுட்லுக் என்ற ஆங்கிலச் சொல் ‘வெளியே பார்த்தல்’ என்பதில் இருந்து வந்தது. பிறகு அதற்கு இரண்டு பொருள் வளர்ந்தது. ஒன்று, ஒரு ஆள் உலகத்தைப் பார்க்கும் விதம். மற்றது, இனிமேல் என்ன நடக்க இடமுண்டு என்ற நிலை. வானிலைக்காரர்கள் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்து முதலாவதோடு நின்றுவிட்டார்.

வானிலையில் இதன் வேலை என்ன என்று விளங்கினால்தான் சொல்லைப் பிடிக்கலாம். நாளைக்குப் பின்னேரம் இடியோடு மழை பெய்யும் என்பது எதிர்வுகூறல். அவுட்லுக் நாள் சொல்லாது, நேரம் சொல்லாது. மூன்று மாதத்தை ஒரே துண்டாக எடுத்து, பல வருடப் பதிவுகளை வழமையை விடக் குறைவு, வழமை, வழமையை விட அதிகம் என்று மூன்று சம பங்காகப் பிரித்து, இந்த முறை எந்தப் பங்கில் விழ வாய்ப்புக் கூடுதல் என்று மட்டும் சொல்லும். ஒன்றுமே தெரியாத நிலையில் ஒவ்வொரு பங்குக்கும் 33 வீதம். கடல் வெப்பத்தையும், பசிபிக் கடல் வழமையை விடச் சூடாகும் எல் நினோ, குளிரும் லா நினாவையும் பார்த்து, பேச்சுக்கு, ‘அதிகம்’ என்பதற்கு 45 வீதம் என்று வந்தால், மிச்ச 55 வீதம் மற்ற இரண்டுக்கும் அப்படியே கிடக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும்.

மலையும் சமவெளியும் ஒரே அறிக்கைக்குள் வரும்போது இன்னும் கவனம் வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் குளிர் அலை என்று சொல்ல, குறைந்தபட்ச வெப்பநிலை சமவெளியில் 10 பாகைக்கோ அதற்குக் கீழேயோ இறங்கவேண்டும், மலையில் 0 பாகைக்கோ அதற்குக் கீழேயோ. அத்தோடு பொதுவாக வழமையை விட 4.5 பாகையாவது குறைந்திருக்கவும் வேண்டும். இவ்வளவு அளந்து சொல்லும் ஒன்றின் நெற்றியில் ‘கண்ணோட்டம்’ என்று ஒட்டினால், வாசிக்கிறவன் அது யாரோ ஒருவரின் அபிப்பிராயம் என்றுதான் எடுப்பான்.

கண்ணோட்டம் சாதாரணச் சொல் இல்லை. திருக்குறளில் 58ஆவது அதிகாரத்தின் பெயரே அதுதான். அங்கே அதற்குப் பொருள் இரக்கம், தாட்சண்யம். கண் ஓடிப்போய் ஒருவர் மேல் படிவதால் வரும் கனிவு. பிந்திய காலத்தில் அது ‘பார்வைக் கோணம்’ ஆனது, அதிலும் குறையில்லை. ‘பெண்ணியக் கண்ணோட்டம்’, ‘வரலாற்றுக் கண்ணோட்டம்’ எல்லாம் நல்ல தமிழ்தான். இரண்டு பொருளிலும், பார்க்க ஒரு ஆள் வேண்டும். வானிலைக் கண்ணோட்டத்தில் பார்ப்பது யார்? வானமா, அலுவலரா?

‘ஒரு கண்ணோட்டம்’ என்று மேலோட்டமாகப் பார்ப்பதையும் சொல்கிறோமே, அது பொருந்தாதா என்று ஒருவர் என்னோடு வாதாடினார். பொருந்தாது. ‘கடந்த ஆண்டு: ஒரு கண்ணோட்டம்’ என்று எழுதுகிறோம், அங்கே கண் பின்னுக்கு ஓடுகிறது. ‘வரும் ஆண்டு: ஒரு கண்ணோட்டம்’ என்று எழுதினால் காதுக்கே ஒட்டவில்லை. அவுட்லுக் முழுக்க முழுக்க வரப்போவதைப் பற்றியது. திசையே மாறிப்போன சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அம்பாறைப் பக்கம் ஒரு பெரும்போகக் கூட்டம். அலுவலர் ஒருவர் கடதாசியைப் பார்த்து, “எதிர்வரும் மூன்று மாத காலநிலைக் கண்ணோட்டத்தின்படி...” என்று வாசிக்கத் தொடங்கினார். முன் வரிசையில் இருந்த வயதான வெள்ளாமைக்காரர் இடையில் மறித்துக் கேட்டார்: “இது ஆர்ர கண்ணோட்டம் தம்பி? நீங்க நினைக்கிறதா, இல்லாட்டி மழை வரப்போறதா?” அலுவலர் கடதாசியைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கேட்டவருக்கு அது வேண்டாத கேள்வி இல்லை. மழையை நம்பிய மானாவாரி வட்டையில், அதாவது வயல்வெளியில், எப்போது விதைப்பது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா என்பதை அவர் அந்தக் கிழமைக்குள் முடிவெடுக்கவேண்டும்.

சரி, மற்றச் சொற்கள்? ‘முன்னறிவிப்பு’ தமிழ்நாட்டில் ஃபோர்காஸ்டுக்கு நிலைத்துவிட்டது. அதையே இதற்கும் போட்டால் நாளைய மழையும் மூன்று மாதச் சாத்தியமும் ஒன்றாகிவிடும். அறிவிப்பு என்பதில் ஒரு உறுதியும் தொனிக்கிறது. ‘எதிர்பார்ப்பு’ என்பதில் ஆசை கலந்திருக்கிறது, பரீட்சை முடிவை எதிர்பார்க்கலாம், வறட்சியை யார் எதிர்பார்ப்பார்? ‘முன்னோக்கு’ பரவாயில்லை, ஆனால் ‘முன்னோக்கிய பயணம்’ என்று மேடைப் பேச்சில் அடிபட்டுத் தேய்ந்து, முன்னேற்றம் என்ற வாடை ஏறிவிட்டது.

நான் சொல்வது எதிர்நோக்கு. இலங்கையில் ஃபோர்காஸ்டுக்கு எதிர்வுகூறல் என்ற அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது. எதிர்வு என்பது புதிதாகச் செய்தது இல்லை. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று இலக்கணக்காரர் காலத்தை மூன்றாகப் பிரித்தபோதே வரப்போகும் காலத்துக்கு வைத்த பெயர். அந்த எதிர்வைக் கூறினால் எதிர்வுகூறல், வரும் பருவத்தை எதிரே வைத்து நோக்கினால் எதிர்நோக்கு. இரண்டும் ஒரு வேரில் நின்றாலும் வேலை வேறு என்பது சொல்லிலேயே தெரிகிறது. ‘கிழக்கு மக்கள் எதிர்நோக்கும் பிரச்சினைகள்’ என்று நம் பத்திரிகைகள் எழுதுவதால், அது சிக்கலைச் சந்திப்பது என்ற பொருளாகிவிடாதா என்று கேட்பார்கள். அது வினையாக வரும்போது. பெயராக, ‘பருவ எதிர்நோக்கு’ என்று வந்தால் குழப்பம் இல்லை. வெள்ளமும் வறட்சியும் சந்திக்கவேண்டியவைதான் என்பதால் அந்தச் சாயல் கொஞ்சம் ஒட்டினாலும் கெட்டுப்போகாது.

இனி குளிர்காலம். வட இந்தியாவுக்கு அது சரியான சொல், அங்கே டிசம்பரில் பேச்சே குளிர்தான். ஆனால் அதே மாதங்களை மட்டக்களப்புக்கு எழுதும்போதும் ‘குளிர்கால எதிர்வுகூறல்’ என்று போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நுவரெலியாவில் தை மாத விடியலில் புல்லில் உறைபனி படியும், அங்குள்ளவர்கள் குளிர்காலம் என்று சொல்லட்டும். கீழே சமதரையில் நமக்கு அது மாரி. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை, டிசம்பரில் இருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. மலையின் கிழக்குச் சரிவில் பெய்வதும் கீழே பெய்வதும் சேர்ந்துதான் அம்பாறையின் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரமும் மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளமும் நிரம்புகின்றன. 1978 நவம்பர் 23 சூறாவளியும், 2011 ஜனவரி வெள்ளமும் இந்த மாரிக்குள் வந்தவை. எங்கள் ஆட்கள் “மாரிக்கு முதல் கூரையை மேயணும்” என்பார்கள். அப்படிப்பட்ட உயிருள்ள சொல் வாயில் இருக்க, வேறு நாட்டுப் பருவத்தின் பெயரை ஏன் இரவல் வாங்கவேண்டும்?

அந்தத் தலைப்பின் மற்றப் பிழைச் சொல் ‘காலநிலை’. ‘சீரற்ற காலநிலை காரணமாகப் பாடசாலைகளுக்கு விடுமுறை’ என்பதையும் விட்டுப்போக மனமில்லை. காலநிலை என்பது வழக்கமாக 30 வருடச் சராசரி. இன்றைக்கு அடிக்கும் மழையும் காற்றும் வானிலை. காலநிலை மாற்றம் பற்றிப் பிள்ளைகளுக்கு வகுப்பில் படிப்பித்துவிட்டு, அடுத்த நாள் செய்தியில் மழைக்கெல்லாம் காலநிலை என்று சொன்னால் அந்தப் பிள்ளை எதை நம்பும்? பத்திரிகை ஆசிரியர்கள் நினைத்தால் இதை நாளைக்கே திருத்தலாம். மொழிபெயர்ப்பாளர்களிடம் நான் கேட்பதும் பெரிய விசயம் இல்லை. ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடுமுன் அது என்ன வேலை செய்கிறது என்று வானிலை தெரிந்த ஒருவரிடமும், ஒரு வெள்ளாமைக்காரரிடமும் கேளுங்கள்.

அந்தக் கட்டுரைத் தலைப்பை நான் எழுதினால் ‘வட இந்தியா: குளிர்கால வானிலை எதிர்நோக்கு’ என்று எழுதுவேன். எங்கள் பக்கத்துக்கு ‘மாரி மழை எதிர்நோக்கு, டிசம்பர்–பெப்ரவரி’. அதன் கீழே முதல் வரியிலேயே மூன்று பங்கின் வீதத்தையும் போட்டுவிடவேண்டும்.