ஊமத்தை: ஒரே ஒரு செய்தியை மறிக்கும் நஞ்சு

ஊமத்தை விதையைத் தின்றுவிட்ட ஒருவரைப் பார்த்தால், ஏழெட்டு நோய்கள் சேர்ந்து வந்து இறங்கியது போல இருக்கும். கருவிழியின் நடுவே உள்ள பாவை அகல விரிந்திருக்கும். கிட்டத்தில் இருப்பது எல்லாம் கலங்கித் தெரியும். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தோல் சிவந்து, தொட்டால் கொதிக்கும். ஆனால் ஒரு சொட்டு வியர்வை இருக்காது. நெஞ்சு படபடவென்று அடிக்கும். சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கும், வெளியே வராது. இதற்கெல்லாம் மேலாக, அந்த அறையிலேயே இல்லாத யாருடனோ அவர் பேசிக்கொண்டிருப்பார்.

கண்ணுக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன தொடர்பு? வியர்வைக்கும் புத்திக்கும் என்ன தொடர்பு? ஊமத்தை நஞ்சில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கேள்விதான். ஏனென்றால் இத்தனைக்கும் காரணம் ஒன்றே ஒன்று. அதைப் புரிந்துகொண்டால் அறிகுறிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம். நாமே யோசித்துச் சொல்லிவிடலாம்.

நஞ்சு என்றதும் எதையாவது அரிப்பது, அழிப்பது, இரத்தத்தை உறையவைப்பது என்றுதான் நமக்குத் தோன்றும். ஊமத்தையில் உள்ள அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபலமின் ஆகிய மூன்றும் அப்படி எதையும் செய்வதில்லை. அவை போய் ஓர் இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. அவ்வளவுதான். ஆனால் அது வேறொருவருக்கான இடம்.

அந்த வேறொருவரின் பெயர் அசிட்டைல்கோலின். நரம்பின் நுனி, தான் கட்டளையிடும் உறுப்பை நேரடியாகத் தொடுவதில்லை. இடையில் மெல்லிய இடைவெளி உண்டு. நரம்பு தன் நுனியிலிருந்து ஒரு வேதிப்பொருளை அந்த இடைவெளியில் உமிழ்கிறது. எதிர்ப்பக்கம் இருக்கும் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்கிறது. செய்தி போய்ச் சேர்கிறது. 1921இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஓட்டோ லோவி இதை மிக எளிமையான ஒரு சோதனையால் காட்டினார். ஒரு தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, அதன் வேகஸ் நரம்பைத் தூண்டினார். இதயத் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். நரம்பே தூண்டப்படாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகியது! செய்தி திரவத்தில் கரைந்து வந்திருந்தது. அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின் என்று பின்னர் உறுதியானது. 1936இல் ஹென்றி டேலோடு சேர்த்து லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அட்ரோபின் அந்த ஏற்பியில், இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல உட்கார்ந்துவிடுகிறது. தான் எந்தச் செய்தியையும் சொல்வதில்லை. உரியவர் வந்தாலும் உட்கார இடமில்லை. நரம்பு வழக்கம்போல அசிட்டைல்கோலினை உமிழ்ந்துகொண்டேதான் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

இனி உடலுக்குள் ஒரு சுற்று வரலாம்.

கண்ணின் பாவையை இரண்டு தசைகள் ஆளுகின்றன. வட்டமாகச் சுற்றியிருக்கும் தசை சுருக்கும். ஆரம் போல நீண்டிருக்கும் தசை விரிக்கும். சுருக்கும் தசைதான் அசிட்டைல்கோலின் சொல்லைக் கேட்பது. அது செயலிழந்தால் விரிக்கும் தசைக்கு எதிர்ப்பே இல்லை. பாவை விரிந்தபடியே நின்றுவிடுகிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்காகக் கண்ணின் வில்லையைக் குவிக்கும் தசைக்கும் அதே கதி. ஊமத்தைச் செடியைப் பிடுங்கிய கையால் ஒரு கண்ணை மட்டும் கசக்கினால்கூட, அந்த ஒரு பாவை மட்டும் நாள்கணக்கில் விரிந்து கிடக்கும். இரண்டு பாவைகளும் வேறு வேறு அளவில் இருப்பதைப் பார்த்து, மூளையில் ஏதோ கோளாறு என்று மருத்துவர்கள் பதறிய சம்பவங்கள் உண்டு.

ஊமத்தைக்கு உறவான இன்னொரு செடியின் சாற்றை இத்தாலியப் பெண்கள் பாவை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று கண்ணில் விட்டுக்கொண்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 'பெல்லடோனா', அதாவது அழகிய பெண், என்ற பெயர் அந்தச் செடிக்கு அப்படித்தான் வந்தது என்பார்கள். 1753இல் லின்னேயஸ் அதற்குப் பேரினப் பெயராக 'அட்ரோபா' என்று வைத்தார். கிரேக்கத் தொன்மத்தில் மனிதரின் ஆயுள் நூலை அறுப்பவள் அட்ரோபோஸ். அழகும் சாவும் ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்துவிட்டன. அட்ரோபின் என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான்.

இதயத்துக்கு வருவோம். தன்போக்கில் விட்டால் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கக்கூடியது. ஓய்வாக இருக்கும்போது அது 70 வாக்கில் துடிப்பதற்குக் காரணம், வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் மூலம் ஓயாமல் பிரேக் போட்டுக்கொண்டிருப்பதுதான். ஊமத்தை இதயத்தை விரட்டுவதில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுகிறது.

எச்சில் சுரப்பிக்கு உத்தரவு வராததால் வாய் வறள்கிறது. சிறுநீர்ப்பையின் தசை சுருங்காததால் சிறுநீர் தேங்குகிறது. குடல் அசையாமல் கிடக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு பொல்லாத விளைவு ஒளிந்திருக்கிறது: இரைப்பையும் குடலும் மந்தமாகிவிடுவதால் விதைகள் நகராமல் அங்கேயே கிடந்து, நஞ்சை மேலும் மேலும் கசியவிடுகின்றன. நஞ்சு தன் தங்கலைத் தானே நீட்டித்துக்கொள்கிறது. சிலருக்கு ஒரு நாளில் தெளிய வேண்டியது இரண்டு மூன்று நாள் இழுப்பது இதனால்தான்.

வியர்வைச் சுரப்பிக்கும் அதே உத்தரவு வராமல் போகிறது. உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது வியர்வை நிற்பதைப் பார்த்துத்தான். உடல் தன் சூட்டை வெளியேற்ற முக்கியமான வழி அது. அந்த வழி அடைபட்ட நிலையில் நோயாளி சும்மாவும் இருப்பதில்லை. பதற்றத்தில் திமிறுகிறார், தசைகள் இன்னும் சூட்டை உண்டாக்குகின்றன. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகலாம். காய்ச்சல்தானே என்று பாராசிட்டமால் கொடுத்தால் பயனில்லை. காய்ச்சலில் உடலின் வெப்பம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற இலக்கையே மூளை உயர்த்திவைக்கிறது. மாத்திரை அந்த இலக்கை இறக்குகிறது. இங்கே இலக்கு மாறவே இல்லை, சூடு போக வழிதான் இல்லை. ஆகவே தண்ணீரால் துடைத்து, காற்று வீசி, வெளியிலிருந்துதான் குளிர்விக்க வேண்டும்.

அப்புறம் மூளை. இரத்தத்தில் ஓடுவதையெல்லாம் மூளை உள்ளே விடுவதில்லை. அதற்கு ஒரு தடுப்பு இருக்கிறது. அட்ரோபினும் ஸ்கோபலமினும் அந்தத் தடுப்பைத் தாண்டிவிடும். கவனத்துக்கும் நினைவுக்கும் அசிட்டைல்கோலின் இன்றியமையாதது. அல்சைமர் நோயில் குறைந்துபோவதும் இதே பொருள்தான். அந்நோய்க்குத் தரப்படும் டோனெபெசில் போன்ற மருந்துகள் இருக்கிற கொஞ்சம் அசிட்டைல்கோலினைக் காப்பாற்றவே முயல்கின்றன. ஊமத்தை அதைச் சில மணி நேரத்துக்குள் திடீரென்று மறித்துவிடுகிறது. அதனால் வருவது பிதற்றல். காற்றில் எதையோ பறிப்பார்கள், இல்லாத சிகரெட்டை இழுப்பார்கள், இறந்துபோனவரோடு பேசுவார்கள். தெளிந்த பிறகு கேட்டால் எதுவும் நினைவிருக்காது.

1676இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் ஒரு கிளர்ச்சியை அடக்க வந்த படைவீரர்கள் ஊமத்தையின் இளங்கீரையைச் சமைத்துத் தின்றுவிட்டார்கள். 1705இல் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று அவர்கள் நிலையை விவரிக்கிறது: ஒருவர் இறகொன்றைக் காற்றில் ஊதிக்கொண்டேயிருந்தார், இன்னொருவர் அதன்மீது ஆத்திரத்தோடு வைக்கோலை எறிந்தார். பதினொரு நாள் கழித்துத் தெளிந்தபோது நடந்தது எதுவுமே அவர்களுக்கு நினைவில்லை. அந்த ஊர்ப் பெயர் இன்றும் ஆங்கிலத்தில் அந்தச் செடியின் பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமைத்தும் நஞ்சு போகவில்லை என்பதையும் கவனியுங்கள். காய்ச்சினாலும் கஷாயமாக்கினாலும் அது அழிவதில்லை. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் நஞ்சின் அளவும் மாறும். ஆகவே 'இவ்வளவு தின்றால் ஒன்றும் ஆகாது' என்று எவராலும் சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் நடுவில் கையும் காலும் ஓரளவு நன்றாகவே இயங்கும். அதுவும் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கைகால் தசைகளை இயக்குவதும் அசிட்டைல்கோலின்தான். ஆனால் அங்கே இருக்கும் ஏற்பி வேறு வகை. ஒன்றை மஸ்கரினிக் ஏற்பி என்றும், மற்றதை நிகோடினிக் ஏற்பி என்றும் சொல்வார்கள். ஊமத்தையின் நஞ்சு உட்காருவது முதல் வகையில் மட்டும்தான்.

சரி, உட்கார்ந்துவிட்டதை எழுப்ப முடியுமா? முடியும். அது நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. எழுவதும் உட்காருவதுமாகவே இருக்கிறது. அசிட்டைல்கோலினின் எண்ணிக்கையைக் கூட்டினால் இடத்துக்கான போட்டியில் அது ஜெயிக்கும். உமிழப்பட்ட அசிட்டைல்கோலினை உடனுக்குடன் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியைச் சற்று நேரம் தடுத்துவைத்தால் போதும். அதைச் செய்யும் பொருள் கிடைத்தது இன்னொரு நச்சு விதையில்: மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவரைத் தின்னவைத்துச் சோதிக்கப் பயன்பட்ட கலபார் அவரை. 1864இல் பிராகாவில், அட்ரோபின் கரைசலைச் சாராயம் என்று நினைத்துக் குடித்துவிட்ட கைதிகளுக்கு, கிளைன்வெக்டர் என்ற இளம் மருத்துவர் கலபார் அவரையின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். அது பலித்தது. அந்த விதையிலுள்ள ஃபைசோஸ்டிக்மின், ஊமத்தைப் பிதற்றலுக்கு மாற்று மருந்தாக இன்றும் மருத்துவமனைக் கண்காணிப்பில் கொடுக்கப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதுகூடத் தேவைப்படுவதில்லை. நஞ்சை உறிஞ்சும் கரித்தூள், பதற்றத்தைத் தணிக்கும் மருந்து, குளிர்விப்பு, சிறுநீரை வெளியேற்றக் குழாய், நல்ல கவனிப்பு ஆகியவற்றிலேயே மீண்டுவிடுவார்கள். வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்காமல், தின்ற செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போவது.

கலபார் அவரை அந்த நொதியைக் கொஞ்ச நேரம் தடுக்கிறது என்றேன். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளும் அதே நொதியைத்தான் தாக்குகின்றன, ஆனால் எளிதில் விடுவதில்லை. அவற்றை விழுங்கியவரின் உடலில் எல்லாமே ஊமத்தைக்கு நேர் எதிராக நடக்கும். அசிட்டைல்கோலின் வெள்ளமாகப் பெருகும். பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், வாயில் நுரை தள்ளும், இதயம் தளரும். நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு அடைபடும். அந்த நோயாளிக்கு உயிர் காக்கும் மருந்து அட்ரோபின்! மற்ற நேரங்களில் ஒருவருக்கு நஞ்சாகிவிடும் அளவைவிடப் பல மடங்கு கொடுப்பார்கள். தசைகளின் தளர்ச்சியை அது தீர்க்காது, ஏற்பி வேறு என்பதால். அதற்கு மூச்சுக் கருவியின் துணை வேண்டும். ஆனால் நுரையீரலை அது காப்பாற்றும்.

மருந்து போதுமா என்று தெரிந்துகொள்ள மருத்துவர் நோயாளியின் அக்குளைத் தொட்டுப் பார்ப்பார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, களகளப்பு அடங்கிவிட்டதா என்று கேட்பார். நாடியை எண்ணுவார். அக்குள் உலர்ந்திருக்கிறது, நுரையீரல் தெளிந்திருக்கிறது, நாடி 80ஐத் தாண்டிவிட்டது என்றால், மருந்து வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று பொருள்.