விந்தில் தெரியாத குறை

ஆண் பன்றி வாட்டசாட்டமாக இருக்கிறது. விந்தை நுண்ணோக்கியில் பார்த்தால் எண்ணிக்கை, வடிவம், அசைவு எல்லாம் சரி. ஆனால் அதன் விந்தில் சினையாகும் பெண் பன்றிகள் மட்டும், பத்துப் பன்னிரண்டு குட்டி போட வேண்டிய ஈற்றில் ஐந்தாறோடு நின்றுவிடுகின்றன. பழி பெரும்பாலும் பெண் பன்றியின் மீதோ தீவனத்தின் மீதோதான் விழும். அந்த ஆணின் குரோமோசோம்களைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. பார்த்தால் சில நேரம் ஓர் உண்மை வெளிப்படும்: இரண்டு குரோமோசோம்கள் எப்போதோ உடைந்து, முனைத்துண்டுகளைத் தங்களுக்குள் மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதில் மரபுப்பொருள் எதுவும் தொலையவில்லை; இடம்தான் மாறியிருக்கிறது. அதனால் அந்த விலங்குக்கு ஒரு நோவும் இல்லை. சிக்கல் விரையில் தொடங்குகிறது. விந்தணு உருவாகும்போது, குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பில், தாய்வழி வந்த குரோமோசோமும் தந்தைவழி வந்ததும் நீளவாக்கில் ஒட்டி நின்று, பிறகு பிரிய வேண்டும். துண்டு மாறிய இரண்டும், மாறாத அவற்றின் இணைகள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த ஒரே வழி, நான்கும் சிலுவை வடிவில் கூடுவதுதான். பிரியும்போது எதிரெதிர் மூலையில் இருப்பவை சேர்ந்து போனால் கணக்கு சரி. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை சேர்ந்து போனால், அந்த விந்தணுவில் ஒரு துண்டு இரட்டிப்பாகவும் இன்னொன்று இல்லாமலும் போய்விடும். விந்தணுக்களில் ஏறத்தாழப் பாதி இப்படி ஆகலாம்.

ஆனால் கணக்குத் தவறிய விந்தணுவும் நன்றாகவே நீந்தும்! வளரும் விந்துச் செல்கள் சைட்டோபிளாசப் பாலங்களால், அதாவது செல்லின் உள்நீர்மம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இணைப்புகளால் இணைந்து, வேண்டிய புரதங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. எனவே தன்னிடம் ஒரு துண்டு இல்லாத விந்தணுவும் அண்டையிலிருந்து பெற்று முழுமையாக உருவாகி, முட்டையையும் கருவுறச் செய்துவிடும். சாவது அதன் பிறகு உருவாகும் கரு. பன்றியில் அது குட்டிகளின் குறைவாகத் தெரிகிறது. பெரும்பாலும் ஒரே கன்று சுமக்கும் பசுவில், "சினை பிடிக்கவில்லை" என்பதோடு முடிந்துவிடுகிறது.

மாடுகளில் நன்கறியப்பட்டது வேறு வகை. 1964இல் ஸ்வீடனில் குஸ்தாவ்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் விவரித்தது: 1ஆம் குரோமோசோமும் 29ஆவதும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, 60 குரோமோசோம்கள் இருக்க வேண்டிய மாட்டில் 59 இருந்தன. இங்கே கூடுவது மூன்றுதான். பெரும்பாலும் ஒழுங்காகவே பிரிந்துவிடுகின்றன. கருத்தரிப்பு சில சதவீதமே குறைகிறது. என்னைக் கேட்டால் இந்தச் சிறிய இழப்புதான் பெரிய தொல்லை. பாதிக் குட்டிகளை இழக்கும் ஆண் என்றாவது மாட்டிக்கொள்ளும். இது மாட்டிக்கொள்ளாமல் செயற்கைக் கருவூட்டல் வழியாகப் பல நாடுகளுக்கும் பரவிவிட்டது.

சில மாற்றங்களில் விந்தணு உருவாவதே நின்றுபோகும். ஆணின் பால் குரோமோசோம்களான எக்ஸ், ஒய் இரண்டும் பெரும்பகுதி ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. இணை கிடைக்காத பகுதிகளின் மரபணுக்களைக் குன்றல் பகுப்பு அடக்கி வைப்பதால், அவை இரண்டும் ஓரமாகச் சுருண்டு வாய்மூடிக் கிடக்கும். இடம் மாறிய குரோமோசோமில் இணை சேராத பகுதி இருந்தால் அதுவும் அங்கே போய் ஒட்டலாம். அப்போது தேவையான மரபணுக்கள் அடங்கிவிடும், அல்லது அடங்கியிருக்க வேண்டிய எக்ஸ், ஒய் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். இரண்டிலும் செல் பாதியிலேயே செத்துவிடும். எக்ஸோடு வேறொரு குரோமோசோம் துண்டு மாற்றிக்கொண்ட ஆண்கள் பெரும்பாலும் மலடாக இருப்பது இதனால்தான். முட்டை உருவாக்கத்தில் இந்தக் கண்டிப்பு குறைவு. அதே மாற்றத்தைச் சுமக்கும் பெண் குட்டி ஈன்று, மகனுக்கும் அதைக் கடத்திவிடக்கூடும்.

குரோமோசோம் எண்ணிக்கை மட்டுமே மலட்டுத்தன்மையைத் தீர்மானிப்பதில்லை. பிரெவால்ஸ்கி என்ற காட்டுக் குதிரைக்கு 66, வீட்டுக் குதிரைக்கு 64. இரண்டுக்கும் பிறக்கும் 65 உள்ள குட்டி வளர்ந்து இனம் பெருக்கும். 63 உள்ள கோவேறு கழுதையிலோ பொருந்தாத இணைகள் ஏராளம்; அதனால் அது பெரும்பாலும் மலடு.

விந்துப் பரிசோதனை இதைக் காட்டாது. ரத்த வெள்ளணுக்களை வளர்த்து, பிரியும் தருணத்தில் நிறுத்தி, சாயமேற்றிப் பார்க்க வேண்டும். பிரான்சில் கருவூட்டலுக்குப் போகவிருக்கும் ஆண் பன்றிகளை இப்படிச் சோதிக்கிறார்கள். குறையுள்ள ஆணை நீக்கினால் மட்டும் போதாது; அதற்குப் பிறந்து பிழைத்தவற்றில் ஏறத்தாழப் பாதி அதே மாற்றத்தைச் சுமக்கும். பெற்றோரிடம் இல்லாத மாற்றம் குட்டியில் புதிதாகத் தோன்றுவதும் உண்டு என்பதால், வம்சாவளிச் சான்றிதழை நம்பி இந்தச் சோதனையைத் தவிர்க்கவும் வழியில்லை.