டாமின் பழைய ஓட்டமும் உங்கள் ஒப்பந்தமும்

2டி அனிமேஷன் வகுப்பில் முதல் வாரமே ‘ஜெர்ரீஸ் டைரி’யைப் போட்டுக் காட்டிவிடுவேன். எம்.ஜி.எம். 1949-இல் வெளியிட்ட டாம் அண்ட் ஜெர்ரி குறும்படம். ஜெர்ரியின் டைரியை டாம் படிக்கிறான். பக்கம் திருப்பத் திருப்ப வருவதெல்லாம் 1943 முதல் 1946 வரை வந்த படங்களின் துண்டுகள். டாம் உட்கார்ந்து படிக்கிற கதைதான் புதிதாக வரைந்தது.

1955-இல் வந்த ‘ஸ்மார்ட்டி கேட்’டில் ஒட்டு இன்னும் நன்றாகத் தெரியும். தெருப்பூனைகளோடு சேர்ந்து டாம் வீட்டில் புரொஜெக்டர் போட்டுப் பார்க்கிறான். திரையில் ஓடுவது 1944, 1946, 1952 படங்கள். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: பார்க்கிற டாமுக்கு ஒரு முகம், திரையில் ஓடுகிற டாமுக்கு வேறு முகம்.

இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும்; இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்று வைத்தாலும் ஒரு கதாபாத்திரம் ஒரு நிமிடம் அசைய 720 படங்கள் வேண்டும். அத்தனையும் ‘செல்’ என்கிற ஒளி ஊடுருவும் தாளில் மையிட்டு வண்ணம் தீட்டியாக வேண்டும். செலவை மிச்சம் பிடிக்கப் பழையதை எடுத்தார்கள். அதற்கென்று ஒரு கதையும் யோசித்தார்கள்.

எனக்கு வலிப்பது அதற்குப் பிறகு நடந்தது. பழைய படங்களைத் திரும்ப வெளியிட்டாலே புதிய படத்தின் வருமானத்தில் சுமார் 90 சதவீதம் வந்துவிடுகிறது என்று நிர்வாகம் கணக்குப் பார்த்தது. 1957-இல் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டார்கள். வரைந்தவர்கள் வேலையை இழந்தார்கள். அவர்கள் வரைந்த டாம் ஓடிக்கொண்டே இருந்தான்.

என் மாணவி ஒருத்தி ஒரு நிறுவனத்துக்காக ஒரு யானைக்குட்டியின் நடையை மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தாள். வேலையை விட்டு ஒரு வருடம் கழித்து, வேறொரு தொடரில் அதே நடை, நிறம் மட்டும் மாறி வந்தது. இடது பின்னங்கால் லேசாக இழுபடும். அது அவள் வேண்டுமென்றே வைத்தது. அவள் பெயர் எங்கும் இல்லை.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சம்பளத்துக்கு வரைந்ததன் முதல் உரிமையாளர் முதலாளிதான். ஆனால் உரிமையைக் கொடுத்துவிட்டாலும், ‘இதை வரைந்தது நான்’ என்று கோருகிற உரிமை 57-ஆம் பிரிவில் உங்களுக்கு இருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடும் முன்னாலேயே கேளுங்கள்: இந்தக் காட்சியை இன்னொரு படத்தில் எடுத்துப் போட்டால் என் பெயர் வருமா, தனியாகப் பணம் உண்டா, வேலை தேடும்போது காட்டுகிற என் மாதிரித் தொகுப்பில், அதாவது ஷோரீலில், நான் காட்டலாமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஷாட் எண்ணையும் தேதியையும் அன்றன்றே குறித்து வையுங்கள். யானைக்குட்டியை வரைந்த என் மாணவியிடம், ஆதாரமாகக் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.