கழற்றிவிடும் நொதியும் கல்லீரலுக்குப் போகும் புற்றும்

"குடல்ல இருந்த கட்டிய எடுத்தாச்சு, இப்ப கல்லீரல்ல இருக்காம்." உறவினர் வீட்டுப் பேச்சில் இதைக் கேட்டவர்கள் சிங்கப்பூரில் நிறைய. இங்கு அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. குடலில் பிறந்த உயிரணு கல்லீரலில் குடியேறத் துணைபோகும் நொதிகளில் ஒன்று பிஆர்எல்-3. அது ஒரு பாஸ்படேஸ்.

கைனேஸ் நொதிகள் புரதங்களில் பாஸ்பேட்டை மாட்டும். மாட்டியதும் புரதத்தின் வடிவம் மாறும், வேலையும் மாறும். கழற்றுவது பாஸ்படேஸ். பிஆர்எல்-3 இருக்கும் குடும்பத்து நொதிகளில் ஒரு சிறு குழி உண்டு. அதன் அடியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். வேறொரு புரதத்தில் பாஸ்பேட் சுமந்து நிற்கும் டைரோசின் என்ற அமினோ அமிலம் குழிக்குள் நுழைந்ததும், சிஸ்டீனின் கந்தக அணு பாஸ்பேட்டைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். பிறகு ஒரு நீர் மூலக்கூறு வந்து அதை விடுவிக்கும். குழி அடுத்த ஆளுக்குத் தயார்.

கைனேஸ் தூண்டும், பாஸ்படேஸ் அடக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பிடென் போன்ற பாஸ்படேஸ்கள் அப்படித்தான் புற்றைத் தடுக்கின்றன. பிஆர்எல்-3 எதிர்க்கட்சி. சிங்கப்பூர் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்தின் செங் சி குழு 1998இல் எலியின் பிஆர்எல்-3 பற்றி எழுதியபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், பெருங்குடலிலிருந்து பரவிய 18 கட்டிகளைப் பார்த்தார்கள். பதினெட்டிலும் அது மிகுந்திருந்தது. 2003இல் செங் சி குழு பிஆர்எல்-3இன் குழியடியில், 104ஆவது இடத்தில் இருக்கும் அந்தச் சிஸ்டீனை மட்டும் மாற்றிப் பார்த்தது. உயிரணுக்களை நகரத் தூண்டும் திறன் வெகுவாகக் குறைந்தது. ஆக, கழற்றும் வேலைதான் ஊர்சுற்ற வைக்கிறது.

குழியை அடைக்க மருந்து செய்வது கடினம். இந்தக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நொதிகள், குழிகளெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சாயல். அதனால் செங் சி குழு, குறிப்பிட்ட இலக்கைத் தேடி ஒட்டிக்கொள்ளும் நோயெதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடியைக் கையில் எடுத்தது. துணிச்சல்தான்: பிஆர்எல்-3 இருப்பது உயிரணுச் சவ்வின் உட்புறம், ஆன்டிபாடி உள்ளே போகாது என்பது பாடநூல் கூற்று. ஆனாலும் எலிகளில் கட்டிகளின் வளர்ச்சி தடைபட்டது. புற்றணுக்கள் பிஆர்எல்-3இல் கொஞ்சத்தை வெளிப்புறத்துக்கும் தள்ளுகின்றன, அதை ஆன்டிபாடி பிடித்துக்கொண்டு நோயெதிர்ப்பு அணுக்களை அழைக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

பிஆர்எல்3-சுமாப் என்ற அந்த மருந்தின் முதல் கட்ட மனித ஆய்வும் சிங்கப்பூரில்தான் நடந்தது. நோயாளிகள் அதைத் தாங்கிக்கொண்டார்கள். அந்தக் கட்டத்தில் முதன்மையாகப் பார்ப்பது பாதுகாப்பை. குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் நம்ப வேண்டாம்.