நோட்டம்: காசின் தேய்வைப் பார்க்கும் சொல்

"இது எக்ஸ்எஃப், அது விஎஃப்தான்" என்று காசு சேர்ப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். எக்ஸ்எஃப் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்) என்றால் சற்றே தேய்ந்தது, விஎஃப் (வெரி ஃபைன்) என்றால் அதைவிடக் கூடுதலாகத் தேய்ந்தது. புழங்கிய காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மதிப்பிடும் இந்த வேலைக்கு கிரேடிங் என்று பெயர். இதன் வேர், 'படி' என்று பொருள்படும் 'கிராடுஸ்' என்ற லத்தீன் சொல். தமிழில் 'தரம் பிரித்தல்' என்று எழுதுகிறார்கள்; அது போதாது. தரம் என்றதும் உலோகத்தின் தரமா, அச்சின் தரமா, தேய்வா என்று மூன்றும் கலந்துவிடுகின்றன.

இதற்கென்றே நம்மிடம் இருந்த சொல் நோட்டம். இன்று நோட்டம் விடுவது திருடன் வேலையாகிவிட்டது. ஆனால் அகராதியில் நோட்டம் என்றால் நாணய சோதனை. நோட்டக்காரர் என்றால் காசைச் சோதிப்பவர். கன்னடத்தில் பார்ப்பதைக் குறிக்கும் 'நோடு' இதன் உறவுச்சொல். வடமவண்ணக்கன் தாமோதரனார் போன்ற சங்கப் புலவர் பெயர்களில் வரும் 'வண்ணக்கன்' என்பதற்கும் நாணயம் சோதிப்பவர் என்றே பொருள். பார்க்கும் செயலுக்கு நோட்டம், கிடைக்கும் முடிவுக்குத் தேய்வுப்படி: இப்படி இரண்டாகப் பிரித்து வழங்குவதே சரி.

1992 முதல் வந்த கனமான செம்பு நிக்கல் ஐந்து ரூபாயை எடுத்துக்கொள்வோம். எடை 9 கிராம், விட்டம் 23 மி.மீ. கீழே மெத்தென்ற துணி விரித்து, விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். விரல் முகப்பில் பட்டால் வியர்வைக் கறை பதிந்துவிடும். ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுழற்றினால், தேயாத காசில் ஒளிக்கீற்று சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றிவரும். அச்சு அடிபடும்போது உலோகம் வழிந்தோடிய நுண்வரிகளே அந்த ஒளியைத் தருகின்றன; உரசினால் முதலில் அழிவதும் அவைதான்.

தேய்வு மேட்டில்தான் தொடங்கும். ஐந்து மடங்கு பூதக்கண்ணாடியில் அசோகச் சின்னத்தின் நடுச்சிங்கத்தினுடைய நெற்றியையும் மார்பையும் பாருங்கள். அங்கு மட்டும் ஒளி மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் ஏயூ (அபௌட் அன்சர்க்குலேட்டட்), அதாவது கிட்டத்தட்டப் புழங்காதது. பிடரி வரிகளின் முனை மட்டும் மழுங்கியிருந்தால் எக்ஸ்எஃப். வரிகள் பாதி கலந்துவிட்டால் விஎஃப். சிங்கத்தின் உருவக்கோடு மட்டும் மிஞ்சினால் அதற்கும் கீழ்.

புதியவர்கள் தவறுவது ஓரிடத்தில். மார்பு தட்டையாக இருந்தாலே தேய்வு என்று எழுதிவிடுகிறார்கள். அச்சு அழுத்தமாக விழாத காசிலும் அங்கே தட்டையாகத்தான் இருக்கும். அந்தத் தட்டையின்மேலும் ஒளி அறாமல் ஓடினால் அது தேய்வே அல்ல.

புளி, பல்பொடி, சோடா உப்பு எதுவும் வேண்டாம். தேய்த்த காசு பளபளக்கும், ஆனால் ஒளிக்கீற்று சுற்றாது. ஒரே திசையில் மயிர்க்கீறல்கள் தெரியும். அதற்குப் படி கொடுப்பதே வீண்.

எடை நன்றாகக் குறைந்து, விளிம்புப் பள்ளத்துக்குள் இருக்கும் வேலைப்பாடும் மங்கலாக இருந்தால் போலியோ என்று சந்தேகிக்கலாம்.

படிகளோடு சேர்த்துச் சொல்லும் எண்களின் கதை வேறு. 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தம் நாட்டின் பழைய செம்புச் சென்ட்டுகளுக்கு 1 முதல் 70 வரை அளவுகோல் வகுத்தார். 70 என்றால் அடிமட்டக் காசின் விலையைப்போல் 70 மடங்கு என்பதே அவர் கணக்கு. விலைக்கணக்கு பொய்த்துப்போனது, எண் மட்டும் நின்றுவிட்டது. இன்று 60 முதல் 70 வரை புழங்காதது, 50 முதல் 58 வரை ஏயூ, 40-ம் 45-ம் எக்ஸ்எஃப்.

விலைக்கு, ஆண்டின் கீழுள்ள ஆலைக்குறியையும் பார்க்க வேண்டும்: மும்பைக்கு வைரம், ஹைதராபாதுக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியில்லை. கோடிக்கணக்கில் அடித்த ஆண்டின் விஎஃப் காசு ஐந்து ரூபாய்தான். 2012-ல் வந்த வைஷ்ணவ தேவி காசுக்கு லட்சங்கள் தருவதாக வரும் விளம்பரங்கள் படியைக் கேட்பதே இல்லை, பதிவுக் கட்டணத்தைத்தான் கேட்கின்றன. பழைய காசு விற்பனைக்குத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது.