பிளொக்: தடுப்பா, தடையா?

கொழும்புத் தமிழில் 'பிளொக்' என்ற சொல்லுக்கு ஓய்வே இல்லை. மாலையில் காலி வீதியில் வாகனங்கள் நகராவிட்டால் பிளொக். குளியலறைத் தண்ணீர் இறங்காவிட்டால் குழாய் பிளொக். தெரியாத எண்ணிலிருந்து ஓயாமல் அழைத்தால் அந்த எண்ணையும் பிளொக் பண்ணிவிடுகிறோம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினியைத் திருத்தக் கொடுப்பவர்கள், "தம்பி, பிள்ளைகள் பாவிக்கும் கணினி, கண்ட கண்ட விளம்பரம் வராமல் பிளொக் பண்ணித் தாருங்கள்" என்கிறார்கள். அரசாங்கம் நாடு முழுவதற்கும் பேஸ்புக்கை நிறுத்திய நாட்களிலும் நம் வாயில் வந்தது இதே சொல்தான். குழாய்க்கும் வீதிக்கும் ஒரு சொல் போதும் என்றால் விட்டுவிடலாம். ஒரு வீட்டார் தங்கள் கணினியில் செய்துகொள்வதையும், ஓர் அரசு குடிமக்களுக்குச் செய்வதையும் ஒரே சொல்லால் குறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பு எளியது. பழைய பிரெஞ்சில் 'பிளொக்' என்றால் மரக்கட்டை. வெட்டி விழுத்திய அடிமரத்தைக் குறித்த டச்சுச் சொல்லும் இதன் உறவுதான். வழியில் கட்டை கிடந்தால் போக முடியாது. அங்கிருந்து 'மறித்தல்' என்ற வினைப்பொருள் பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. யார் போட்ட கட்டை, யாருடைய வழியில், யாருடைய சம்மதத்துடன் என்பதையெல்லாம் அந்தச் சொல் கேட்பதில்லை.

தமிழ் கேட்கிறது. குழாயிலும் இரத்த நாளத்திலும் ஏற்படுவது அடைப்பு. வீதியில் ஏற்படுவது நெரிசல். ஆளைப் போகவிடாமல் குறுக்கே நிற்பது மறிப்பு. 'மறி' நல்ல பழைய வினை. ஆனால் இலங்கையில் அதன் பெயர்ச்சொல் வேறு திசையில் போய்விட்டது. தமிழ்நாட்டில் மறியல் என்றால் போராட்டம். இங்கே மறியல் என்றதும் விளக்கமறியலும் சிறைக் கதவுமே நினைவுக்கு வருகின்றன. 'விளம்பர மறியல்' என்று எழுதினால் கொழும்பு வாசகர் ஒருகணம் நீதிமன்றச் செய்தி என்று எண்ணிவிடுவார்.

மிஞ்சுபவை தடையும் தடுப்பும். இரண்டுமே 'தடு' என்ற ஒரே வேரில் முளைத்தவை. ஆனாலும் பழக்கத்தில் அவை விலகி நிற்கின்றன. தடை மேலிருந்து வருவது: தடைச் சட்டம், தடை உத்தரவு, தடை செய்யப்பட்ட அமைப்பு. அதை விதிப்பவர் ஒருவர், அதற்கு உட்படுபவர் வேறொருவர். தடுப்பு பெரும்பாலும் தீங்கு நெருங்காமல் காப்பது: தடுப்பூசி, தடுப்பணை, தடுப்புமருந்து. இந்தப் பிரிவு முழுமையானதல்ல. 'தடுப்புக் காவல்' என்பதும் நம் மொழியில்தான் இருக்கிறது. 'தடுப்பில் இருந்தவர்' என்று ஒருவரைக் குறிப்பிட்டால் விளக்கம் தேவையில்லாத நாடு இது. அந்தப் பாரம் தெரிந்தேதான் இச்சொல்லை எடுக்கிறேன். தடுப்பூசி போட்டுக்கொள்ளும் ஒருவர் தம் உடலைத் தாமே காத்துக்கொள்வது போன்ற பொருள் அதில் இன்னும் உயிருடன் இருக்கிறது. தடையில் அது இல்லை.

இந்த வேறுபாடு இலங்கையில் வெறும் இலக்கண நயமல்ல. 2007 ஜூனில் தமிழ்நெட் செய்தித் தளத்தை இங்கிருந்து திறக்க முடியாமல் போனது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனவில் நடந்த வன்முறையின்போது பேஸ்புக், வட்ஸ்அப் முதலியவை நிறுத்தப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் போராட்டத்தின்போதும் அதுவே நடந்தது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் இணைய அமைவிடங்களுக்கான அணுகலை முடக்கச் செய்யும் அதிகாரம் இருக்கிறது. இவற்றைத் தடை என்றே எழுத வேண்டும். 'முடக்கம்' என்று நாளிதழ்கள் எழுதுவதும் சரிதான். 'தளங்கள் பிளொக் செய்யப்பட்டன' என்று எழுதும்போது செய்தவர் யார் என்பது மெல்ல மறைந்துவிடுகிறது.

இனி 'விளம்பரம்'. இதன் அடி விளம்புதல்: சொல்லுதல், பலரறியச் செய்தல். உணவு பரிமாறுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. குமரி மாவட்டத்திலும் மலையாளத்திலும் இன்றும் சோறு விளம்புகிறார்கள். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் 'ஒன்றை நோக்கித் திருப்புதல்'. நம் சொல் கொடுப்பவரின் பக்கம் நிற்கிறது, அவர்கள் சொல் பார்ப்பவரின் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிறது. இணைய விளம்பரத்துக்கு லத்தீன் வேர்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பது வருத்தமான உண்மை.

1994 அக்டோபர் 27இல் ஹொட்வயர்ட் என்ற தளத்தில் ஏடிஅண்ட்டி நிறுவனத்தின் பட்டை விளம்பரம் வெளியானது. இணையப் பட்டை விளம்பரங்களின் தொடக்கமாக அதையே சொல்வார்கள். சில ஆண்டுகளில் தானாகத் திறக்கும் துள்ளு சாளரங்கள் வந்தன. டிரைபொட் நிறுவனத்தில் அதற்கான நிரலை எழுதிய ஈதன் சக்கர்மன், 2014இல் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இன்றைய தொல்லை அதைவிட ஆழமானது. விளம்பரம் நம்மைப் பின்தொடர்கிறது, நம் டேட்டாவைத் தின்கிறது, சில வேளைகளில் ஏமாற்றுகிறது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எப்பிஐ, தேடல் விளம்பரங்களில் உண்மையான நிறுவனங்களைப் போல வேடமிட்டு மோசடிக்காரர்கள் நுழைவதாக எச்சரித்தது. தேடும்போது விளம்பரத் தடுப்பு நீட்சியை, அதாவது உலாவியில் (பிரவுசரில்) சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலைப் பயன்படுத்துமாறும் ஆலோசனை கூறியது. வங்கியின் பெயரைத் தேடி, மேலே தெரிந்த முதல் இணைப்பைத் தொடும் நம் பெரியவர்களுக்கு இது அப்படியே பொருந்தும்.

கருவிக்குப் பெயர் 'விளம்பரத் தடுப்பான்' என்றும் 'விளம்பரத் தடுப்பி' என்றும் இரு விதமாக எழுதப்படுகிறது. கணினி, உலாவி, வடிகட்டி என்ற வரிசையில் 'தடுப்பி' இயல்பாகத் தோன்றலாம். ஆனால் தடுப்பி என்பது 'தடுக்கச் செய்' என்ற பிறவினையாகவும் ஒலிக்கிறது. தடுப்பான் என்பதற்கும் 'அவன் தடுப்பான்' என்ற எதிர்கால வினை வடிவம் உண்டுதான். இருந்தாலும் துடைப்பான், அழிப்பான் என்பவற்றை நாம் தடுமாறாமல் படிக்கிறோம். நான் தடுப்பான் பக்கம்.

தடுப்பான் உலாவியில் சேரும் நீட்சி. ரேமண்ட் ஹில் 2014இல் தொடங்கிய யூபிளொக் ஒரிஜின் இதில் பெயர்பெற்றது, இலவசமானது. அது இரண்டு வேலை செய்கிறது. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது உலாவி பல முகவரிகளிடம் படங்களையும் நிரல்களையும் கேட்கும். தன் பட்டியலில் உள்ள விளம்பர முகவரிகளுக்குப் போகும் கோரிக்கைகளை நீட்சி புறப்படும் முன்பே நிறுத்துகிறது. அப்படியும் உள்ளே வந்துவிட்டதைத் திரையில் மறைக்கிறது. முதலாவதே உண்மையான தடுப்பு, ஏனென்றால் டேட்டா மிச்சமாவது அதில்தான். நீட்சிகளுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியதால் குரோமில் இப்போது இதன் சுருங்கிய வடிவமே கிடைக்கிறது. பயர்பொக்ஸில் முழு வடிவம் இயங்குகிறது.

நீட்சி இல்லாமல் கணினி முழுவதற்கும் தடுக்கும் பழைய வழியும் ஒன்று உண்டு: ஹோஸ்ட்ஸ் கோப்பு. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் காலத்தில் வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயர்களையும் எண் முகவரிகளையும் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் பெயின்லரின் குழு ஒரே பட்டியலாகப் பேணியது. வீட்டுத் தொலைபேசி அருகே தொங்கும் எண் புத்தகம் போல, எல்லோரும் அதன் பிரதி ஒன்றை வைத்திருந்தார்கள். பட்டியல் பெருத்துச் சமாளிக்க முடியாமல் போகவே, 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் இன்றைய களப்பெயர் முறைமையை (டிஎன்எஸ்), அதாவது தளத்தின் பெயரைக் கேட்டால் எண் முகவரியைச் சொல்லும் ஏற்பாட்டை வடிவமைத்தார். சின்னக் கோப்பு மட்டும் ஒவ்வொரு கணினியிலும் தங்கிவிட்டது. வெளியே கேட்கும் முன் கணினி இன்னமும் அதைத்தான் முதலில் பார்க்கிறது.

விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி. அங்கே டிஎக்ஸ்டி போன்ற ஒட்டுப்பெயர் எதுவுமின்றி அந்தக் கோப்பு இருக்கும். நோட்பேடை நிர்வாகி உரிமையுடன் திறந்தால்தான் மாற்றத்தைச் சேமிக்க முடியும். ஒரு வரியில் 0.0.0.0 என்று இட்டு, ஓர் இடைவெளி விட்டு, வேண்டாத முகவரியை ஆங்கில எழுத்தில் தட்டிச் சேமித்தால் போதும். அந்தப் பெயரைத் தேடும் உலாவி எங்கும் போகாது. சேமிக்கும்போது டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டிக்கொண்டால் வேலை செய்யாது. வழி காட்டப் பிறந்த கோப்பை வழி மாற்றப் பயன்படுத்துகிறோம். 'ஹோஸ்ட்' என்பதற்குப் புரவலர், ஓம்புநர் என்ற ஆக்கங்கள் உண்டு. விருந்தோம்பலோடு தொடர்புடைய அழகான சொற்கள், ஆனால் இந்தக் கோப்பு என்ன செய்கிறது என்பதை அவை சொல்வதில்லை. 'முகவரிக் கோப்பு' என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ஒரு தளத்தின் முழுப் பெயரை மட்டுமே அது அறியும், அதற்குள் ஒரு பகுதியை மட்டும் பிரிக்கத் தெரியாது. காணொளி வரும் அதே வழியில் விளம்பரமும் வருவதால் யூடியூப் விளம்பரங்களை அதனால் நிறுத்த முடியாது.

பிள்ளைகளுக்கு ஒவ்வாத தளங்களை ஒவ்வொன்றாகத் தட்டி முடியாது. அதற்கு வீட்டு ரௌட்டர் பெயர்களைக் கேட்டறியும் களப்பெயர்ச் சேவையின் முகவரியை மாற்றுவதே சுலபம். கிளவுட்பிளேர் 2020இல் தொடங்கிய 1.1.1.3 என்ற சேவை தீநிரல் தளங்களையும் வயது வந்தோருக்கான தளங்களையும் சேர்த்தே விலக்குகிறது. இதற்குத் 'தள விலக்கு' என்பதே என் தெரிவு. விலக்குவது என்றால் ஒன்றை அழிப்பதல்ல, நம் பக்கம் வராமல் ஒதுக்குவது. பிள்ளைக்குச் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். சொல்லாமல் செய்தால் வீட்டுக்குள்ளும் அது தடையாகிவிடும்.

தடுப்பானோடு சேர்ந்து வரும் சொல் 'அனுமதிப் பட்டியல்': தடுக்காமல் விட்டுவிடும் தளங்களின் பட்டியல். 'வெள்ளைப் பட்டியல்' என்ற நேர்பெயர்ப்பு வேண்டாம், நல்லதற்கு வெள்ளை என்ற கணக்கு நமக்கு எதற்கு? நாம் நாள்தோறும் படிக்கும் தமிழ்ச் செய்தித் தளங்கள் பலவற்றுக்கு விளம்பரமே வருமானம். துள்ளு சாளரம் இன்றி அளவோடு விளம்பரம் இடும் தளத்தில், நீட்சியின் கேடயக் குறியைத் தொட்டுப் பெரிய மின்பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பு நீங்கும். மீண்டும் அழுத்தினால் திரும்பிவிடும்.