பால் பைதான் வளர்ப்பு: குட்டி ஒவ்வொன்றுக்கும் பதிவு உண்டு

பெங்களூரின் அல்சூர், சிவாஜிநகர் பக்கத்து இளைஞர்கள் பால் பைதான் (ball python) என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பை வளர்க்க ஆசைப்பட்டால் முதலில் கேட்பது, "லைசென்ஸ் வேண்டுமா?" என்பதைத்தான். வேண்டியது பதிவு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தத்தில் இடம்பெற்ற உயிரினங்கள் அதன் நான்காவது அட்டவணைக்குள் வருகின்றன. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைதான் அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. இனப்பெருக்கத்துக்குத் தனி உரிமம் கேட்பது முதல் பட்டியல் உயிரினங்களுக்குத்தான். ஆனால் வைத்திருப்பது, கைமாற்றுவது, குட்டி பிறப்பது, இறப்பது ஆகிய நான்கையும் தெரிவித்தே ஆகவேண்டும்.

இதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியாயின. முன்பே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது, அது முடிந்துவிட்டது. புதிதாக வாங்குபவர் 30 நாளுக்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். கர்நாடகத்தில் அந்த அலுவலகம் மல்லேஸ்வரம் அரண்ய பவனில் இருக்கிறது. காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் ஒளித்து வைக்காமல் அங்கே நேரில் போய் வழி கேட்பதே நல்லது. சட்டத்தை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

வெவ்வேறு நிறப் பாம்புகளை இணைத்துப் புது நிறக் குட்டி எடுக்க நினைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கருநிறமி இல்லாத ஆல்பினோ ஆணையும் வெள்ளைத் திட்டுகள் கொண்ட பைபால்டு பெண்ணையும் சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் சாதாரண பழுப்பு நிறத்தில்தான் பிறக்கும். இரண்டு மரபணுக்களும் உள்ளே ஒளிந்திருக்கும். அந்தக் குட்டிகள் வளர்ந்து, பெண் சுமார் ஒன்றரை கிலோ எடையை எட்டுவதற்கே சில ஆண்டுகள் ஆகும். பிறகு அவற்றை இணைத்தால், சராசரியாக 16இல் ஒன்றுதான் இரண்டையும் சேர்த்துக் காட்டும். மூன்று ஆல்பினோ, மூன்று பைபால்டு, மீதி ஒன்பதும் சாதாரணம். ஒரு ஈட்டில், அதாவது ஒரு தடவை இடுவதில், வருவதோ ஆறு முட்டை அளவுதான். நீங்கள் தேடும் அந்த ஒரு குட்டி, இரண்டு மூன்று ஈடு கடந்தும் வராமல் போகலாம்.

சட்டம் பார்ப்பது இனத்தை, நிறத்தை அல்ல. பெரும் விலைக்குப் போகும் குட்டிக்கும், யாரும் கேட்காத பழுப்புக் குட்டிக்கும் அதே பதிவு, அதே பொறுப்பு. நண்பருக்கு இலவசமாகக் கொடுத்தாலும் அது கைமாற்றம்தான். விருப்பமான ஒன்றுக்காகப் பதினைந்தை உலகத்துக்குக் கொண்டுவருகிறவர், அந்தப் பதினைந்துக்கும் இடம், எலி, சூடேற்றும் பெட்டி, பதிவு எல்லாம் தர முடியுமா என்று இணைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தலை ஆட்டம் என்ற நரம்புக் குறையோடு பிறக்கும் ஸ்பைடர் என்ற நிற வகையை எவ்வளவு அழகாக இருந்தாலும் பெருக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

தாய், தந்தை, முட்டையிட்ட நாள், பொரித்த நாள், எடை, புகைப்படம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மரபணுவைச் சுமக்கும் பழுப்புக் குட்டியைப் பார்வையால் பிரித்தறிய முடியாது.

வாங்கும்போது விற்பவரின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். கெம்பேகௌடா விமான நிலையத்தில் 2024 ஏப்ரலில் பாங்காக்கிலிருந்து வந்த பயணியின் பெட்டியில் பத்து மஞ்சள் அனகோண்டாக்கள் பிடிபட்டன. அப்படி வரும் பாம்புக்குச் சான்று இருக்காது. நம் நாட்டு மலைப்பாம்பு முதல் அட்டவணையில் உள்ளது; அதை வீட்டில் வளர்க்க எந்தப் பதிவும் வழி தராது. தோட்டத்தில் கண்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.